கிந்தன் சிதம்பரம் போகவில்லை

போன மாதம் கடலூரில் நடந்த ஒரு வாசிப்பு வட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. "அண்ணா, நான் படம் எடுக்கணும்னு இருக்கேன். கேமராவும் எடிட்டிங்கும் கத்துக்கிட்டாப் போதாதா? பறையும் வில்லுப்பாட்டும் தெருக்கூத்தும் எதுக்கு?" அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கான பதில் நம் பக்கத்து ஊரான சிதம்பரத்திலேயே கிடக்கிறது என்று தோன்றியது. அந்தத் தங்கைக்கும் அவரைப் போன்ற தோழர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் ஓமக்குளம் என்று ஓர் இடம் உண்டு. நந்தன் தீயில் இறங்கிய இடம் அதுதான் என்று ஊர்மக்கள் சொல்வார்கள். அங்கே இன்று நந்தனார் பெயரில் மடமும் பள்ளியும் இருக்கின்றன. தீ மூட்டிய இடம் என்று சொல்லப்படும் இடத்தில் ஒரு பள்ளிக்கூடம்! இந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ் சினிமா இதைக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆனது. கண்டுபிடித்தவர் பெரிய இயக்குநர் என்று பெயர் வாங்கியவரும் அல்ல. வில்லுப்பாட்டிலும் நாடகக் கொட்டகையிலும் வளர்ந்த ஒரு நகைச்சுவை நடிகர்.

அவரிடம் போவதற்கு முன் நந்தனைப் பற்றிக் கொஞ்சம். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவன். அவன் செய்யும் தொண்டு என்ன? கோயில் பேரிகைக்குப் போர்க்கத் தோல், இழுத்துக் கட்ட வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. இவ்வளவும் கொடுக்கிறான். அவன் கொடுத்த தோல் கோயிலுக்குள்ளே முழங்கும், அவன் வாசலில் நிற்பான். இசையின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மிருதங்கம் செய்யும் தலித் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் கொடுத்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. சேக்கிழாருக்கும் 2020க்கும் இடையில் எத்தனை நூற்றாண்டுகள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சேக்கிழாரின் கதையில் ஆண்டை கிடையாது. நந்தன் 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று தள்ளிப்போடுவது தன் பிறப்பை நினைத்து அவனாகவே தயங்குவதால்தான். ஒரு நாள் தில்லைக்கு வருகிறான், எல்லையிலேயே நிற்கிறான், கனவில் சிவன் வந்து தீயில் மூழ்கி வா என்கிறார். தெற்கு மதிலுக்கு வெளியே தீ மூட்டப்படுகிறது. அவன் முனிவனாக எழுந்து உள்ளே போய் மறைந்துவிடுகிறான். சாதியோடு உள்ளே போக முடியாது, சாதியை எரித்துவிட்டுத்தான் போகலாம், போனவன் திரும்பி வரவும் மாட்டான். இதுதான் அந்தக் கதை.

இந்தக் கதைக்குள் ஆண்டையைக் கொண்டுவந்தது ஓர் இசைவடிவம். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடினார். அது கதாகாலட்சேபத்துக்காக எழுந்தது. காலட்சேபம் என்றால் ஒரு பாகவதர் மேடையில் நின்று பாடுவார், பேசுவார், ஒவ்வொரு பாத்திரமாகவும் மாறுவார். பின்பாட்டு, ஜால்ரா, மிருதங்கம் உண்டு. ஒருவரே எல்லோருமாக மாற வேண்டிய அந்த மேடையில், தனக்குள்ளேயே தயங்கும் நந்தனை மட்டும் வைத்துக்கொண்டு இரவு முழுக்க ஓட்ட முடியாது. எதிர்க்குரல் வேண்டும். அதனால் வேதியர் வந்தார். பண்ணையாள் நந்தன் சிதம்பரம் போக விடுப்புக் கேட்கிறான், பண்ணைக்கார வேதியர் மறுக்கிறார். கடைசியில் 40 வேலி நிலத்தையும் அறுவடை செய்துவிட்டுப் போ என்கிறார். 40 வேலி என்றால் ஏறத்தாழ 260 ஏக்கர். ஒரே இரவில் அறுவடை தானாக முடிந்துவிடுகிறது, வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதை உ.வே.சா. எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் பிழைகள் முக்கியமில்லை. பாரதியார் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பெரிய காரியம் செய்தார். பக்தனாக மட்டும் இருந்த நந்தனைப் பண்ணையடிமையாக்கி, விடுப்பு கேட்கும் உழைப்பாளியாக மேடையில் நிறுத்தினார். அதே கையோடு அந்தப் பிரச்சினையை ஓர் அதிசயத்தில் கரைத்தும் விட்டார். 260 ஏக்கரைச் சாமி அறுத்துக் கொடுத்துவிட்டால் கூலி யாருக்கு, விடுப்பு எதற்கு என்ற கேள்விகளே எழாது.

இந்தக் காலட்சேப நந்தன்தான் சினிமாவுக்குப் போனான். ஊமைப்பட காலத்திலேயே, 1930இல், ராஜா சாண்டோ 'நந்தனார்' எடுத்தார். அவர் உடற்பயிற்சி வீரராகத் தொடங்கி பம்பாய்ப் படங்களில் பெயர் வாங்கியவர். பாட்டுக்காக வாழ்ந்த கதையைப் பாட்டே இல்லாமல் எடுத்தது ஒரு வேடிக்கை. பேசும்படம் வந்ததும் கதை பாடகர்கள் கைக்குப் போனது. 1935இல் மாணிக்லால் டாண்டன் இயக்கிய 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் மேடையின் பெரும் பாடகி கே.பி. சுந்தராம்பாள். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் அது ஊரெல்லாம் பேச்சு. 1942இல் ஜெமினி வாசன் தயாரிக்க, முருகதாசா இயக்கத்தில் மறுபடியும் 'நந்தனார்'. இந்த முறை நந்தன் தண்டபாணி தேசிகர், வேதியர் செருகளத்தூர் சாமா. பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் பாட்டெழுதினார்கள்.

இரண்டு படத்திலும் நந்தன் நல்ல பாடகன். தோல் கொடுத்தவன் இப்போது கச்சேரி செய்கிறான். குரல் உயர உயரச் சேரி பின்னால் போய்விடுகிறது. படம் எடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. காந்தியின் 'ஹரிஜன' இயக்கம் நடந்த காலம் அது, அவர்களுக்கும் ஏதோ செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் கைவசம் இருந்த கலை கச்சேரிக் கலை. கச்சேரியில் கேட்பவர் உருகலாம், கைதட்டலாம். பாடுகிறவரை நிறுத்தி 'ஏன் தீயில் இறங்கணும்?' என்று கேட்க முடியாது.

அந்த நந்தனுக்கும், நந்தனாக நடித்தவருக்கும் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1946இல் திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் தண்டபாணி தேசிகர் ஒரு தமிழ்ப்பாட்டுப் பாடினார். அவருக்குப் பின் பாட வேண்டிய வித்வான், சந்நிதானத்தின் புனிதம் கெட்டுவிட்டது என்று முரண்டு பிடித்தார். இளைஞர் மு. கருணாநிதி அதைக் கண்டித்து 'குடியரசு' இதழில் 'தீட்டாயிடுத்து' என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். நாலு வருடத்துக்கு முன் திரையில் 'தீட்டு' என்று ஒதுக்கப்பட்டவனாக நடித்தவர், இப்போது வேஷம் இல்லாமலே அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டார். அவர் தலித் அல்லர், தேவாரம் பாடும் மரபில் வந்தவர். தமிழ் பாடியதே போதுமானதாக இருந்தது. பின்னாளில் அவர் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தார்.

இப்போது நம் ஆள். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன். ஏழ்மையான குடும்பம், படிப்பு சிறு வயதிலேயே நின்றுபோனது. நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்ற பையன் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். முதலில் வில்லுப்பாட்டு, பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு.

வில்லுப்பாட்டு என்ன கலை என்று வடமாவட்டத்துக்காரர்களாகிய நமக்கு அவ்வளவாகத் தெரியாது. தென்கோடியில் சுடலைமாடன், இசக்கி கோயில் கொடைகளில் பாடப்படுவது அது. அந்தக் கதைகளில் பாதிக்கு மேல் கொலைக் கதைகள். சாதி மீறிக் காதலித்தவன், ஆதிக்கக்காரனை எதிர்த்தவன், அநியாயமாகச் செத்தவள் என்று செத்தவர்கள் எல்லாம் தெய்வமாகத் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறார்கள். சக்கிலியர் வீட்டுப் பெண்களை மணந்து அவர்களோடு செருப்புத் தைத்த பார்ப்பனன் முத்துப்பட்டன் கதை அங்கே இன்றும் பாடப்படுகிறது. நந்தனைப் போல ஒளியில் மறைந்துபோகிற ஆட்கள் அங்கே குறைவு. இன்னொன்று, வில்லடிப்பவர் தனியாகப் பேசுவதில்லை. பக்கத்தில் குடம் அடிப்பவரும் பக்கப்பாட்டுக்காரரும் 'ஆமா' போடுவார்கள், இடையில் கேள்வி கேட்பார்கள், கேலி செய்வார்கள். கதைக்குள்ளேயே கேள்வி கேட்க ஆள் வைத்திருக்கும் கலை அது.

நாடகக் கம்பெனி வேறு விதமான பள்ளி. பையன்கள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்து, வேஷம் போட ஆள் வரவில்லை என்றால் எதற்கும் தயாராக நிற்க வேண்டும். 1935இல் அந்தக் குழு 'மேனகா' படத்தில் நடித்தபோது கிருஷ்ணனும் திரைக்கு வந்தார். இயக்கியவர் யார் தெரியுமா? ஊமை நந்தனாரை எடுத்த அதே ராஜா சாண்டோ. அடுத்த ஆண்டு 'சதி லீலாவதி'. அதன் இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். தமிழ் தெரியாத இயக்குநருக்கு முன்னால் நகைச்சுவை செய்கிறவன் தனக்குத் தானே இயக்குநராக இருந்தாக வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படித்தான் அவர் படம் எடுப்பவராக ஆனார். டி.ஏ. மதுரத்தோடு சேர்ந்து, தனக்கென ஒரு குழு வைத்துக்கொண்டு, தன் பகுதியைத் தானே யோசித்து எழுதி நடித்துக் கொடுப்பார். பெரிய படத்துக்குள் ஒரு சின்னப் படம். முன்கதை புராணமாக இருக்கும், இவருடைய துண்டில் கள்ளுக்கடையும் மூடநம்பிக்கையும் சாதித் திமிரும் அடிவாங்கும். கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் கட்டியங்காரன் வந்து ஊர் நியாயம் பேசுவானே, கிட்டத்தட்ட அதே வேலை.

அவர் நாடகக்காரர் என்பது சிறையிலும் உதவியது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதானார். ஆயுள் தண்டனை கிடைத்தது. பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய் 1947இல் விடுதலையானார். வெறும் சினிமா நடிகராக இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் பெயரில் இருந்த நாடக சபையை மதுரமும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் நடத்தினார்கள். அவர்கள் மேடையேற்றிய 'பைத்தியக்காரன்' 1947இல் படமாகவும் வந்தது. ஆள் உள்ளே இருக்கும்போதும் ஓடியது குழு. இதைக் கேமரா கற்றுக்கொடுக்காது.

1949இல் 'நல்லதம்பி'. கதை வசனம் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன் பஞ்சு, தயாரிப்பும் கதாநாயகனும் என்.எஸ்.கே. 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற அமெரிக்கப் படத்தின் தழுவல், மதுவிலக்குப் பிரச்சாரம், எல்லாம் உண்டு. ஆனால் நமக்கு வேண்டியது அதற்குள் வரும் கதாகாலட்சேபம், 'கிந்தனார்'.

பெயரைக் கேட்டதுமே சபை சிரித்திருக்கும். நந்தனுக்கு எதிரொலிபோல ஒரு கிந்தன். பாகவதர் வேஷம், பின்பாட்டு, ஜால்ரா, எடுப்பு, இழுப்பு எல்லாம் காலட்சேபம்தான். ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த இந்தக் கிந்தனுக்குச் சிதம்பர ஆசை இல்லை, படிப்பு ஆசை. அவன் போவது பட்டணத்துக்கு. தீயில் இறங்கவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்கிறான். படித்து ஆளாகிறான்.

இதை வெறும் பகடி என்று சொல்பவர்கள் உண்டு. பகடிதான், ஆனால் எந்த இடத்தில் கை வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பாட்டைக் கேலி செய்யவில்லை, நந்தனைக் கேலி செய்யவில்லை. 'சிதம்பரம்' என்ற ஒரே சொல்லை எடுத்துவிட்டு அங்கே பள்ளிக்கூடத்தை வைத்தார். அந்தக் கதையில் எந்த ஆணியைப் பிடுங்கினால் கட்டடம் திரும்பி நிற்கும் என்று வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. காலட்சேபத்தின் தாளமும் நடையும் அத்துப்படியாக இருந்தவருக்குத் தெரிந்தது. வில்லுப்பாட்டில் வளர்ந்த நாக்கு அது, கதையைச் சொல்லிக்கொண்டே கதையை விசாரிக்கும் நாக்கு. சுந்தராம்பாளும் தேசிகரும் நந்தனாகவே மாறிப் பாடினார்கள். என்.எஸ்.கே. கிந்தனாக மாறவில்லை, கிந்தனைப் பற்றிச் சொல்கிறவராக நின்றார். பாடகர் மரபு ஒன்றைச் செய்தது, கதைசொல்லி மரபு வேறொன்றைச் செய்தது.

சொல்கிறவராக நின்றார் என்பதிலேயே குறையும் இருக்கிறது, அதையும் பேசிவிட வேண்டும். கிந்தன் பேசுவதில்லை, பேசப்படுகிறான். அவன் ஒருவன் மட்டும் ஊரை விட்டுப் போய் உயர்கிறான், சேரி எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது. ஆண்டையின் நிலம் ஆண்டையிடமே. பாரதியார் அதிசயத்தால் கரைத்த கூலிக் கேள்வியை என்.எஸ்.கே. படிப்பால் தாண்டிப் போனார், பதில் சொல்லவில்லை. வெண்மணியில் 1968இல் அந்தக் கேள்வி மறுபடி எழுந்தபோது 44 பேர் தீயில் கிடந்தார்கள். அதற்கு எந்தச் சிதம்பரமும் தேவைப்படவில்லை.

திராவிட இயக்கத் தோழர்கள் 'கிந்தனார்' பற்றிப் பேசும்போது அது முழுக்கப் பகுத்தறிவுப் பிரச்சாரத்தின் கண்டுபிடிப்பு என்பதுபோலப் பேசுவார்கள். இங்கேதான் ஓமக்குளத்துக்குத் திரும்ப வேண்டும். ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் தலித் குடும்பத்தில் பிறந்து, துறவியாகிச் சிதம்பரம் வந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் இங்கே நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். நம் பிள்ளைகள் தங்கிப் படிக்க இடம் வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்து பொருள் சேர்த்தார். சட்டமன்றத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். நந்தனை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை, தீக்குள் விடவும் இல்லை, பள்ளிக்கூடத்து வாசலில் பெயராக எழுதினார். 'நல்லதம்பி' வெளிவந்தபோது அந்தப் பள்ளிக்கு 33 வயது. சினிமாவில் கிந்தன் படிக்கப் போவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னாலேயே கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிந்தன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என்.எஸ்.கே.வுக்கு சகஜானந்தரைத் தெரிந்திருந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. செய்தவர் யார், அதைப் பாடிப் பெயர் வாங்கியவர் யார் என்பதை நாம் மறக்காமல் இருந்தால் போதும்.

என்.எஸ்.கே. பிறகு 'மணமகள்' (1951), 'பணம்' (1952) படங்களை இயக்கினார். இரண்டுக்கும் வசனம் கருணாநிதி. 'பணம்' படத்தில் புதிதாகப் பிறந்த ஒரு கட்சியின் மூன்று முதலெழுத்துகளை வைத்து ஒரு பாட்டு பாடிவிட்டு, கடைசியில் அதற்குத் திருக்குறளைச் சேர்த்து வேறு அர்த்தம் சொல்வார். தணிக்கைக்காரர் தலையைச் சொறிய, கொட்டகை விசிலடிக்கும். அதுவும் மேடைப் புத்திதான். வாரிக் கொடுத்தே கையிருப்பைத் தீர்த்தவர், 1957 ஆகஸ்டில் 49 வயதுகூட நிரம்பாமல் போய்ச் சேர்ந்தார்.

நந்தன் இன்னும் முடியவில்லை. 2024இல் இரா. சரவணன் 'நந்தன்' என்று பெயர் வைத்து, ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார முடியாத தலித் மனிதனைப் படமாக்கினார். பா. இரஞ்சித்தின் நீலம், 2018இல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', மார்கழியில் நடக்கும் மக்களிசை எல்லாம் இன்னொரு கணக்கைத் தொடங்கியிருக்கின்றன. அங்கே தோல் கொடுத்தவன் வாசலில் நிற்கவில்லை, மேடையில் நின்று அவனே அடிக்கிறான். ஒரு இயக்குநர் படம் எடுத்துக்கொண்டே இசைக்குழுவையும் ஏன் வளர்க்கிறார் என்று கேட்பவர்கள் என்.எஸ்.கே. ஏன் நாடக சபை வைத்திருந்தார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அந்தத் தங்கையிடம் போனில் இவ்வளவும் சொன்னேன். "அப்போ கிந்தனாரை அந்தக் கிந்தனே சொன்னா எப்படி இருக்கும்ணா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் 'நல்லதம்பி'யின் அந்தப் பகுதியைத் திரையிடுகிறோம், முடிந்ததும் அவர் அதே கதையைத் தன் வாயால் சொல்லிப் பார்க்கப் போகிறார். பக்கப்பாட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். பறை வைத்திருக்கும் தோழர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.